மலையேறிய படகு

“மேப்புப்படி பார்த்தா நாம இப்ப அந்தப் பெட்டி மேலதான் நிக்கிறோம் மிஸ்,” என்றான் அழகர். “கொஞ்சம் காலைத் தூக்கிப் பாருங்க.”

கமலாம்பிகை காலைத் தூக்கவில்லை. அப்புத்தளை ரயில் நிலைய மேடையில், பனிமூட்டத்துக்கு நடுவே, விரித்த நில அளவைப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரத்தில் படம் தொய்ந்துபோயிருந்தது. அவர் பென்சிலால் போட்ட வட்டத்துக்குள் ரயில் நிலையம், கடைத்தெருவில் பாதி, ஒரு பள்ளிக்கூடம், தேயிலை மலையில் ஒரு துண்டு எல்லாமே அடங்கின. அந்த வட்டத்துக்குள் எங்கேயோ ஒரு வெள்ளைப் பெட்டி இருந்திருக்கிறது. நேற்று இருந்திருக்கிறது. இன்று இல்லை.

காலையிலிருந்து விசாரித்து வாய் வலித்துவிட்டது. பாதியாய் வெட்டிய பூசணிக்காய் மாதிரி, வெள்ளைப் பிளாஸ்டிக், உச்சியில் கறுப்புக் கண்ணாடி பதித்தது என்று அழகர் கையை வளைத்து வளைத்துக் காட்ட, ஆளுக்கொன்றைக் கொண்டுவந்தார்கள். சுமை தூக்குகிறவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துவந்தார். வடை விற்கிறவள் இட்லிப் பானை மூடியைக் காட்டினாள். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும், அது வெடிக்கிற சாமானா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, இவர்கள் இருவரின் அடையாள அட்டையையும் வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். சண்டை நின்று வருஷம் ஒன்று கடந்தும் அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

கமலாம்பிகை யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வங்கி வேலையாகப் பதுளைக்கு வந்து, கள்ளக் கையொப்பம் பிடிப்பதில் பெயரெடுத்து, வேலையை விட்ட பிறகு கடைவீதியில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் துப்பறியும் கந்தோர் நடத்துகிறார். அழகர் ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவருடைய வேனை ஓட்டுவதும் அவன்தான், அவருடைய பொறுமையில் ஓட்டைபோடுவதும் அவன்தான்.

இந்த வழக்கை எடுத்தபோது கமலாம்பிகைக்கு இது ஒரு வழக்கு என்றே தோன்றவில்லை. மேற்குக் கரையில் சில்வெஸ்டர் முதலாளிக்கு இரண்டு மீன்பிடிப் படகுகள். மகள்மார் பெயரையே வைத்திருந்தார்: ஒன்று ரோசலின், மற்றது கிறிஸ்டினா. கொழும்பில் வெளிநாட்டு உதவியோடு நடந்த ஒரு சோதனைத் திட்டத்தில், சின்னப் படகுகள் சிலவற்றின் கூரையில் தலா ஒரு பெட்டி பூட்டியிருந்தார்கள். பெட்டி தான் இருக்கும் இடத்தை வானத்தில் சுற்றும் செய்மதிக்குச் சொல்லும். செய்மதி அதைக் கொழும்புக்குச் சொல்லும். கம்பியூட்டர் திரையில் படகு ஒரு புள்ளியாக நகரும். ரோசலின் நான்கு பேரோடு கடலுக்குப் போனது, திரும்பவில்லை. அதன் புள்ளி ஆழ்கடலில் ஓரிடத்தில் நின்று அணைந்துபோனது. அந்த இடத்தைச் சுற்றிக் கப்பல் விட்டுத் தேடினார்கள். ஒரு பலகைத் துண்டுகூட அகப்படவில்லை. படகு மூழ்கிவிட்டது, நால்வரும் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

மூழ்கிய படகின் பெட்டிதான் இப்போது இந்த ஊவா மலைகளில் பஸ் ஏறித் திரிகிறது.

“அது மிதக்கிற சாமான் மிஸ். யாரோ பொறுக்கி எடுத்து வித்திருக்கான்,” என்று சில்வெஸ்டர் முதலாளி தொலைபேசியில் சொல்லியிருந்தார். “வெள்ளைக்காரன் பொருள், நான்தான் பதில் சொல்லணும். சத்தமில்லாம எடுத்துத் தாங்க.”

தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லும் ஒரு பொருளை எடுத்துக் கொடுப்பதற்குத் துப்பறியவே வேண்டாம் என்றுதான் கமலாம்பிகை நினைத்தார். அந்த நினைப்புக்குத்தான் இப்போது தண்டனை. பசறை பஸ் நிலையம் என்றார்கள், போனால் இல்லை. பதுளை என்றார்கள், சொந்த ஊரிலேயே தேடியும் கிடைக்கவில்லை. ஹாலிஎல என்றார்கள். இப்போது அப்புத்தளை.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த கொமினிகேஷன் கடையிலிருந்து கொழும்புக்கு அழைத்தார். திட்ட அலுவலகத்தில் புள்ளிகளைப் பார்ப்பவர் கனகரத்தினம். முதலாளி சொன்னதன் பேரில் பெட்டி எங்கே நிற்கிறது என்பதை அவர்தான் கமலாம்பிகைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நேற்றுப் பகல் அப்புத்தளை. இண்டைக்கு இன்னும் ஒண்டும் வரேல்லை,” என்றார் கனகரத்தினம்.

“எப்ப வரும்?”

“வரேக்க வரும்.”

“நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே வந்திருப்பனே ஐயா.”

“நேற்று ஞாயிற்றுக்கிழமை. கந்தோர் பூட்டு.”

கமலாம்பிகை ரிசீவரை வைத்த விதத்தைப் பார்த்துக் கடைக்காரர் ஒருமுறை அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில்தான் மீன் வேன் யோசனை வந்தது. கரையோரத்திலிருந்து மலைக்கு ஏறும் மீன் வேன் அப்புத்தளை, ஹாலிஎல, பதுளை, பசறை என்றுதான் போகும். பெட்டி நின்ற இடங்களும் அவையே. கடல் சாமான் மலைக்கு வர அதைவிட நேர்வழி ஏது? ஹாலிஎலச் சந்தியில் வேனை ஓரங்கட்டிக் காத்திருந்து, ஹுமைத் என்ற வியாபாரியின் மீன் வேனை மறித்தார்கள். ஹுமைத் முதலில் சிரித்தார். இவர்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மீன் பெட்டிகளின் மூடிகளைத் திறந்துவிட்டு, கைகட்டி ஒதுங்கி நின்றார். அழகர் முழங்கை வரை பனிக்கட்டிக்குள் விட்டுத் துழாவினான். சூரை வந்தது. சாளை வந்தது. தலையில்லாத ஒரு பெரிய மீன் வந்தது. காகங்கள் வந்தன. பெட்டி மட்டும் வரவில்லை.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்றார் கமலாம்பிகை. சேலைத் தலைப்பில் செதில் ஒட்டியிருந்தது.

“மன்னிக்கிறது இரிக்கட்டும் மிஸ். உருகின ஐஸை யாரு தாற?” என்று கேட்டுவிட்டு ஹுமைத் வேனைக் கிளப்பினார்.

அழகர் கையை முகர்ந்து பார்த்தான். “பெட்டிதான் கிடைக்கல. வீட்டுக்குப் போனா கடலுக்குப் போய்ட்டு வந்தேன்னு சொன்னா நம்புவாங்க.”

கமலாம்பிகைக்குத் தன் மேல்தான் கோபம். வெயில் பட்டு, வானத்தைப் பார்த்தால்தான் பெட்டி பேசும் என்று கனகரத்தினம் முதல் நாளே சொல்லியிருந்தார். பனிக்கட்டிக்குக் கீழே, மூடி போட்ட பெட்டிக்குள் கிடந்தால் அது எப்படிப் பேசும்? இந்தக் கேள்வியை வேனை மறிக்கும் முன் கேட்டிருக்கவேண்டும்.

கந்தோருக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. சில்வெஸ்டர் முதலாளி.

“சாமான் என்னாச்சு மிஸ்? யார் கையில இருக்குன்னாவது தெரிஞ்சுதா?”

“இல்லை.”

“அந்த ஆளு உங்ககிட்ட எதாவது பேசினா காதுல போட்டுக்காதீங்க. சாமானை மட்டும் வாங்குங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்ச உடனே எனக்குச் சொல்லுங்க, நானே வாறேன்.”

வைத்துவிட்டார். கமலாம்பிகையும் ரிசீவரை வைத்தார். இந்த மனிதர் எத்தனையோ முறை அழைத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பெட்டி, பெட்டி, பெட்டி. அந்தப் படகில் நான்கு பேர் போனார்கள். பெட்டி கிடைத்த இடத்தில் அவர்களைப் பற்றி ஏதாவது தடயம் இருக்குமா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“அழகர், பெட்டி நிண்ட நாளெல்லாம் ஒருக்காச் சொல்லும்.”

அழகர் சொல்லச் சொல்ல, அவர் சுவரில் தொங்கிய நகைக்கடைக் கலண்டரில் விரலை வைத்துக்கொண்டே போனார். பசறையில் நின்றது ஒரு ஞாயிறு. பதுளை, ஞாயிறு. ஹாலிஎல, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள். அப்புத்தளை, நேற்று ஞாயிறு. விரல் பட்ட இடமெல்லாம் சிவப்பு எழுத்து. கறுப்பு எழுத்து நாட்களில் பெட்டி வாயே திறக்கவில்லை.

“திருடனுக்கும் லீவு நாள்தான், கனகரத்தினம் ஐயாவுக்கும் லீவு நாள்தான்,” என்றார். “அவர் கந்தோரைத் திறந்து எங்களுக்குச் சொல்லேக்கை திருடன் வேலைக்குப் போயிட்டார். நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பிந்தித்தான் ஓடியிருக்கிறம்.”

“நல்ல திருடன் மிஸ். ஈ.பி.எஃப். கூடக் கட்டுவான் போல.”

“அதுதான். கிழமை நாளில வேலைக்குப் போற ஆள். ஞாயிறும் போயாவும் மட்டும் வெளிக்கிடுகிற ஆள். உங்கடை பக்கத்தில அப்பிடி ஆர்?”

அழகர் முதல்முறையாக யோசித்துப் பதில் சொன்னான். “தோட்டத்துல வேலை செய்யிற எல்லாரும்.”

ஊவாவில் தோட்டங்களுக்குக் குறைவில்லை. கமலாம்பிகை மறுபடி கொழும்புக்கு அழைத்தார். கனகரத்தினம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம்.

“ஒரே ஒரு கேள்வி. பசறைக்கு வரமுதல் பெட்டி எங்கை நிண்டது?”

“அதுக்கு முதல் ஒண்டும் இல்லை. சில பிழையான வாசிப்புகள்தான்.”

“பிழையெண்டால்?”

“மடுல்சீமைப் பக்கம். கொஞ்சக்காலம் அசையாமல் ஒரே இடத்தில காட்டிக்கொண்டு நிண்டது. மலை உச்சியில மீன்பிடிப் படகு நிக்குமோ அம்மா? மெஷின் பழுது எண்டு விட்டிட்டன். நகரத் தொடங்கினாப் பிறகுதான் ஆரோ தூக்கிக்கொண்டு திரியினம் எண்டு விளங்கி முதலாளிக்கு அறிவிச்சன்.”

இதை நீங்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் வந்தது. “அந்த இடத்தை இப்ப வாசியுங்கோ. முதலாளிக்குச் சொல்லவேண்டாம்,” என்று மட்டும் சொன்னார். ஏன் வேண்டாம் என்று கனகரத்தினம் கேட்டிருந்தால் அவரிடம் சரியான பதில் இருந்திராது.

மறுநாள் காலை பசறை தாண்டி மடுல்சீமைக்கு ஏறினார்கள். பாதை என்ற பெயரில் கிடந்தது கல்லும் குழியும். பாதி வழியில் வேன் சூடேறி நின்றது. ஓடைத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து மறுபடி கிளப்பினார்கள். இன்னொரு வளைவில் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. கொழுந்துச் சாக்கு ஏற்றப் போன டிராக்டர்காரர் கட்டி இழுத்துவிட்டார்.

“படகுக்கு இந்தப் பாதையில வர மனசு வந்திருக்கே மிஸ், அதைப் பாராட்டணும்,” என்றான் அழகர். கமலாம்பிகைக்கு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

கனகரத்தினம் சொன்ன இடத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகள் வரிசையாக இருந்தன. இத்தனை வீட்டில் எந்த வீடு என்று கேட்டுத் திரிய வேண்டிவரும் என்றே கமலாம்பிகை பயந்தார். அழகர் வேறு விதமாகக் கேட்டான். தேநீர்க் கடையில் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு, “இங்கயிருந்து கடல் வேலைக்குப் போன பொடியன் யாருண்ணே?” என்றான்.

கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஜீவன்,” என்றார் கடைக்காரர். “படகு மூழ்கி செத்துப்போச்சு. அக்காக்காரிதான் கருமாதி செய்ய மாட்டேங்குது. பேரு விஜயலெட்சுமி. இப்ப மடுவத்துல கொழுந்து நிறுத்துக்கிட்டு இருக்கும்.”

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை நின்றார். வெளியார் இருவரைக் கண்டதும் வரிசையிலிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். முப்பது வயதிருக்கும். ஒடிசல், தலையில் மழைக்குப் போடும் சாக்குக் கொங்காணி, நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்பு.

“வெள்ளைப் பெட்டி தேடுற அம்மா நீங்கதானே? பசறை பஸ் கண்டக்டர் சொன்னாரு,” என்றாள். “உங்களைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். நிறுத்துட்டு வாறேன், நில்லுங்க.”

ஊவா முழுக்கத் துரத்தி வந்த ஆள் நில்லுங்கள் என்று சொல்ல, கமலாம்பிகை நின்றார். வரிசை மெதுவாக நகர்ந்தது. தன் முறை வந்து, கொழுந்தைக் கொட்டி, எடையில் கணக்கப்பிள்ளையோடு ஒரு சின்ன வாக்குவாதமும் முடித்த பிறகுதான் விஜயலெட்சுமி ஒரு சிறுமியை லயத்துக்கு அனுப்பினாள். அரிசிச் சாக்கொன்று வந்தது. அதை அவள் எல்லாப் பெண்களுக்கும் நடுவில், சீமெந்துத் தரையில் வைத்து அவிழ்த்தாள்.

வெள்ளைப் பிளாஸ்டிக். உச்சியில் கறுப்புக் கண்ணாடி. வெளிச்சம் பட்டதும் பக்கவாட்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது.

“திருட்டுச் சாமானை இவ்வளவு பேருக்கு முன்னால அவிழ்க்கிறீங்களே தங்கச்சி,” என்றான் அழகர்.

“இவ்வளவு பேரு இருக்கிறதாலதான் அவிழ்க்கிறேண்ணே. தனியா அவிழ்த்தா என்னையும் சேர்த்துக் கட்டிக்கிட்டுப் போயிருவீங்க. இது திருடினது இல்ல. செல்லமுத்து கொண்டாந்து குடுத்தது.”

செல்லமுத்துவும் இதே தோட்டத்துக்காரன். ஜீவன் ரோசலினில் வேலைக்குப் போனபோது அவன் கிறிஸ்டினாவில் போனான். அவன் அழுதுகொண்டே சொல்லிவிட்டுப் போனதை விஜயலெட்சுமி அழாமல் சொன்னாள்.

“ரோசலின் கரையை விட்டுப் போகும்போதே இந்தப் பெட்டியைக் கழட்டி கிறிஸ்டினாவுல வச்சிட்டாங்களாம். ரோசலின் எல்லையைத் தாண்டி வேற நாட்டுக் கடலுக்கு மீன் பிடிக்கப் போகுது. கம்பியூட்டருக்கு அது தெரியக்கூடாதுல்ல. அதுக்காக. வரவேண்டிய நாள்ல ரோசலின் வரல. உடனே இதை உடைச்சுக் கடல்ல போடுன்னு முதலாளி கிறிஸ்டினாவுக்கு ரேடியோவுல சொல்லியிருக்காரு. செல்லமுத்துக்கு மனசு வரல. போட்டுட்டேன்னு சொல்லிட்டு, சாக்குல சுத்தி இங்க கொண்டாந்துட்டான். இப்ப அவனையும் காணோம், பயந்து எங்கயோ போயிட்டான்.”

கமலாம்பிகை அவள் பக்கம் குனிந்தார். “அப்ப கப்பல் போய்த் தேடின இடம்?”

“கிறிஸ்டினா நின்ன இடம். என் தம்பி நின்ன இடத்துல யாருமே தேடலம்மா.”

கணக்கப்பிள்ளை தராசை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்கள் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?”

“சொல்லாத இடம் எது? பொலிஸ்ல சொன்னேன். பதுளையில ஒரு கந்தோர்ல சொன்னேன். கொழும்புக்கே பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். மெஷின் அங்க காட்டுது, மலையில இருக்கிற உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. பெட்டியைக் காட்டவும் பயம். பிடுங்கிக்கிட்டு என்னைய உள்ள வச்சா யாரு கேக்கிறது? நான் பேசினா கேக்காதவங்க மெஷின் பேசினா கேக்கிறாங்க. சரி, மெஷினே பேசட்டும்னு லயத்துக் கூரை மேல தூக்கி வச்சேன். வானத்தைப் பார்த்தா பச்சை மினுங்கும்னு செல்லமுத்து சொல்லியிருந்தான். மினுங்குச்சு. ஒருத்தரும் வரல.”

“பழுதெண்டு விட்டிட்டினம்,” என்றார் கமலாம்பிகை தாழ்ந்த குரலில்.

“அப்படித்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன். ஒரே இடத்துல கிடந்தா பழுது. நகர்ந்தா திருட்டு. பழுதைத் தேடி யாரும் வர மாட்டாங்க, திருட்டைத் தேடி வருவாங்கல்ல? அதான் லீவு நாள்ல தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுல, ஸ்டேஷன்ல வெயிலைப் பார்த்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். என்ன விக்கிறேன்னு கேப்பாங்க.” அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். “இப்ப நீங்க வந்துட்டீங்க. நீங்க எந்தக் கந்தோரும்மா?”

அழகர் தரையைப் பார்த்தான்.

பொய் சொல்லியிருக்கலாம். கமலாம்பிகைக்கு அது தோன்றவும் செய்தது. “கந்தோர் ஒண்டும் இல்லை,” என்றார். “சில்வெஸ்டர் முதலாளிதான் என்னை அனுப்பினவர்.”

கூட்டத்தில் ஒரு பெண் காறித் துப்பினாள். விஜயலெட்சுமி சாக்கை இழுத்துப் பெட்டியை மூடினாள். முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

“கவர்மெண்டைக் கூப்பிட்டேன்னு நெனச்சேன்,” என்றாள். “இத்தனை பஸ் ஏறினதும் அந்த ஆளுக்கு வழி காட்டத்தானா?”

கமலாம்பிகை அவளுக்கு எதிரே சீமெந்துத் தரையில் உட்கார்ந்தார். கள்ளக் கையொப்பங்களோடு காலம் கழித்தவருக்கு, தன்னையே முதலாளி ஒரு கள்ளக் கையொப்பமாகப் போட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. செல்லமுத்து இல்லை. இவள் சொல்வது கேட்டுச் சொன்ன கதை. பெட்டியோ தான் யார் படகில் இருந்தேன் என்று சொல்லாது, எங்கே இருந்தேன் என்று மட்டும்தான் சொல்லும்.

எங்கே இருந்தேன் என்று மட்டும்.

“அழகர், கிறிஸ்டினாவிலயும் ஒரு பெட்டி இருக்குதெல்லோ?”

“இருக்கும் மிஸ். ரெண்டு படகுக்கும் பூட்டினாங்கதானே.”

அவர் எழுந்து சேலையைத் தட்டினார். “பிள்ளை, என்னைத் திட்டுறதெண்டால் திட்டுங்கோ. திட்டி முடிச்சாப் பிறகு ஃபோன் இருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பெட்டியை நீங்களே வைச்சிருங்கோ, நான் தொடமாட்டன்.”

விஜயலெட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளைத் தனியாக அனுப்ப மற்றப் பெண்களுக்கு மனம் வரவில்லை. ஏறக்கூடியவர்களெல்லாம் வேனில் ஏறினார்கள். “இப்பதான் இது படகு மிஸ், பாரம் தாங்காம தாழப்போகுது,” என்று அழகர் முணுமுணுத்தான்.

மடுல்சீமைக் கடைத்தெருவில் மொஹிதீன் என்பவருடைய பலசரக்குக் கடையில் தொலைபேசி இருந்தது. முதல் அழைப்பு நடுவில் அறுந்தது. இரண்டாவதில் வேறு யாரோ எடுத்து, ஐயா தேநீர் குடிக்கப் போய்விட்டார் என்றார்கள். கமலாம்பிகை மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று தும்மிக்கொண்டே காத்திருந்து, மூன்றாவது முறை பிடித்தார்.

“பெட்டி கிடைச்சிட்டுதோ?” என்றார் கனகரத்தினம்.

“அதை விடுங்கோ. ரோசலின் அணைஞ்ச அண்டைக்கு கிறிஸ்டினா எங்கை நிண்டது?”

“அது வடக்கை, ஒரு நாள் ஓட்டத் தூரத்தில. அதாலதான் உதவிக்குப் போகேலாமல் போனது. முதலாளி விசாரணையில சொன்னவர்.”

“முதலாளி சொன்னதை நான் கேக்கேல்லை. உங்கடை மெஷின் என்ன சொல்லுது?”

“மூழ்கின படகைத்தான் பார்த்தனாங்கள் அம்மா. மிதக்கிறதை ஆர் பார்க்கிறது?”

“இப்ப பாருங்கோ. நான் வைக்கமாட்டன்.”

கொழும்பில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கமலாம்பிகை பயந்தபோது கனகரத்தினத்தின் குரல் வந்தது. குரல் மாறியிருந்தது.

“அதே இடம்.”

“அண்டைக்கு மட்டுமோ?”

“இல்லை. கரையை விட்டு வெளிக்கிட்ட நாளிலயிருந்து இரண்டு புள்ளியும் ஒண்டுக்கு மேலை ஒண்டு கிடக்குது. ஒண்டு மற்றதை மறைச்சிருக்குது. நான் ஒரு புள்ளியெண்டே நினைச்சன்.”

“இரண்டு படகு அவ்வளவு நாளும் ஒரே இடத்தில நிக்கேலுமோ ஐயா?”

“நிக்கேலாது.”

“இரண்டு பெட்டி ஒரே படகில நிக்கலாம்.”

கமலாம்பிகைக்கு நடந்ததை முழுதாகச் சொல்ல அதிக நேரம் தேவைப்படவில்லை. பாதியைப் புள்ளிகளே சொல்லிவிட்டிருந்தன. ரோசலின் பெட்டியில்லாமல் எல்லை தாண்டிப் போனது. பிடிபட்டிருக்கலாம், வேறெங்காவது ஒதுங்கியிருக்கலாம். எல்லை தாண்டியது தெரிந்தால் முதலாளிக்குத்தான் ஆபத்து. நான்கு பேரை உயிரோடு தேடுவதைவிட இறந்தவர்களாக்குவது அவருக்கு வசதியாக இருந்தது.

“அம்மா,” என்றார் கனகரத்தினம். ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைப்பதுபோல் பேசினார். “தெற்கையிருக்கிற ஒரு தீவு நாட்டிலயிருந்து எங்களுக்கு ஒரு ஃபோன் கோல் வந்தது. பேரில்லாத ஒரு படகைப் பிடிச்சு வைச்சிருக்கினமாம். பேரை அழிச்சுப்போட்டுப் போயிருக்கிறாங்கள். நாலு பேர் சிறை மறியலில. எங்கடை படகோ எண்டு கேட்டவை. நான் திரையைப் பார்த்தன். எல்லாப் புள்ளியும் அததின்ரை இடத்தில நிண்டது, மூழ்கின ஒண்டைத் தவிர.”

“என்ன சொன்னீங்கள்?”

“அதில ஒரு பெடியன் தன்ரை ஊர் மடுல்சீமை எண்டு சொன்னவனாம். நான் கரையோரப் படத்தை விரிச்சு வைச்சு வடக்கையிருந்து தெற்கு மட்டும் தேடினன். அப்பிடி ஒரு துறை இல்லை. எங்கடை ஆள் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

மொஹிதீன் சீனி நிறுப்பதை நிறுத்தியிருந்தார். விஜயலெட்சுமி சாக்கை அணைத்தபடி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். மற்றப் பெண்கள் அவளுக்குப் பின்னால் வெயிலில் நின்றார்கள். அழகர் மட்டும் கமலாம்பிகையின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்தவன்போல் அவளுக்கு வழிவிட்டு விலகினான்.

“இப்ப எனக்குச் சொன்னதை இஞ்சை ஒராளுக்குச் சொல்லவேணும்,” என்றார் கமலாம்பிகை. “ஒண்டும் விடாமல், அப்பிடியே சொல்லுங்கோ.”

ரிசீவரை நீட்டினார். விஜயலெட்சுமி பெட்டியை அழகரின் கையில் கொடுத்துவிட்டு வந்து வாங்கினாள். தலையிலிருந்த கொங்காணியை ஒதுக்கி, காதோடு வைத்து அழுத்திக் கேட்டாள். அந்தப் பக்கம் கனகரத்தினம் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடினாள். மூடியதும் மறு கையால் பலகை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சு அந்தப் பக்கம் முடிந்தது.

“ஆமாங்க சார், அது எங்க ஜீவன்தான்,” என்றாள். “இங்க கடல் இல்லைங்க. மலைதான். ஆனா ஊரு இருக்கு. மெதுவா சொல்றேன், எழுதிக்குங்க.”